ஓரெழுத்துக் கையொப்பம்: தத் சகோதரியரின் மொழிபெயர்ப்புத் தொகுப்பும் ஆசிரியர் குறித்த வினாவும்

இந்திய ஆங்கிலக் கவிதை வரலாற்றில் தோரு தத் (1856-1877) தனித்து நிற்கும் மேதையாகவே பெரிதும் அறிமுகப்படுத்தப்படுகிறார். ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்று, சமஸ்கிருதமும் பயின்று, 21 வயதில் மறைந்த வங்காளப் பெண் என்ற அளவில் தமிழகக் கல்லூரிகளின் ஆங்கில இலக்கிய வகுப்புகளிலும் அவர் பெயர் பழகியது. சவுக்கு மரம் குறித்த அவரது கவிதையைப் பாடமாகப் படிக்காத ஆங்கில இலக்கிய மாணவர் குறைவு. இவ்வறிமுகம் பிழையானதன்று. ஆயினும் அவர் வாழ்நாளில் வெளிவந்த ஒரே நூல் மொழிபெயர்ப்புக் கவிதைத் தொகுப்பு என்பதும், அது அவர் ஒருவரால் மட்டும் ஆக்கப்பட்டதன்று என்பதும் இதனால் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு எனப் பொருள்படும் தலைப்புடன் அத்தொகுப்பு 1876இல் கல்கத்தாவின் பவானிப்பூரில் அச்சாயிற்று. பிரெஞ்சுக் கவிதைகள் 160க்கும் மேற்பட்டவை அதில் ஆங்கில வடிவம் பெற்றுள்ளன. அவற்றுள் 8 கவிதைகளை மொழிபெயர்த்தவர் தோருவின் தமக்கை ஆரு. அவர் 1874 ஜூலை 23 அன்று, 20 வயதில் காலமானார். முகப்பில் தோருவின் பெயர் மட்டுமே உள்ளது. ஆருவின் ஆக்கங்கள் ‘ஏ’ என்னும் ஒற்றை ஆங்கில எழுத்தால் சுட்டப்படுகின்றன. அவ்வெழுத்து யாரைக் குறிக்கிறது என்பதைத் தோரு ஒரு குறிப்பில் விளக்குகிறார். தமக்கை உயிருடன் இருந்து உதவியிருப்பின் நூல் இதனினும் மேம்பட்டதாக அமைந்திருக்கும் என்றும் அங்கே எழுதுகிறார். இதனை அவையடக்கமாகக் கொள்வது எளிது. ஆனால் ஒருவர் இல்லாமையால் நூலுக்கு நேர்ந்த குறை எது என்று அவர் குறிப்பிட்டே சொல்வதால், இதனைச் சகோதரியர் இருவரும் சேர்ந்து செய்த பணி பற்றிய சான்றாகவும் கொள்ளலாம்.

இத்தகைய கூட்டுப்பணி அக்குடும்பத்திற்குப் புதிதன்று. தந்தை கோவிந்த சந்திர தத்தும் அவருடைய உறவினரும் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகள் 1870இல் லண்டனில் ‘தத் குடும்பத் தொகுப்பு’ என்னும் பொருள்தரும் பெயரில் நூலாயின. அதில் எந்தக் கவிதை யாருடையது என்ற குறிப்பு இல்லை; குடும்பப் பெயரே ஆசிரியர் பெயராக நின்றது. தாய் க்ஷேத்ரமணி கிறிஸ்தவ சமய நூல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து வங்காளத்திற்குப் பெயர்த்தவர். 1869இல் ஐரோப்பா சென்ற குடும்பம் 1873இல் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் சகோதரியர் இருவரும் நீஸ் நகரில் பிரெஞ்சு கற்றனர். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான விரிவுரைகளைக் கேட்டனர். தாய் பிறமொழி நூலை வீட்டு மொழிக்குக் கொணர்ந்தார். மகளிரோ தம் தாய்மொழியல்லாத ஒரு மொழியிலிருந்து தாய்மொழியல்லாத மற்றொரு மொழிக்குப் பெயர்த்தனர்.

குடும்பத் தொகுப்புடன் ஒப்பிடும்போதுதான் அந்த ஓரெழுத்தின் பொருள் விளங்கும். தந்தையின் தலைமுறை பெயரின்றி ஒன்றாக நின்றது. தோருவும் அவ்வழியைப் பின்பற்றியிருந்தால் யாரும் குறை கூறியிருக்கப் போவதில்லை. அவரோ தமக்கையின் பங்கைப் பிரித்துக் காட்டினார்.

ஆனால் அக்குறியீட்டை முதலில் கவனித்திருக்க வேண்டியவரே கவனியாது விட்டார். தொகுப்பை இங்கிலாந்தில் 1876இலேயே மதிப்புரை எழுதி வரவேற்றவர் எட்மண்ட் காஸ். தோருவின் மறைவுக்குப்பின் 1882இல் வெளியான, பண்டை இந்தியக் கதைப்பாடல்களின் தொகுப்புக்கு அவர் எழுதிய முன்னுரையே தோருவின் புகழுக்கு அடித்தளமாயிற்று. முகவுரை கூட இல்லாத, தரங்குறைந்த அச்சில் வந்த மெலிந்த நூலைத் திறந்தபோது தாம் அடைந்த வியப்பை அதில் அவர் விவரிக்கிறார். அவ்வியப்புக்குச் சான்றாக அவர் எடுத்துக்காட்டும் கவிதை, விக்டர் ஹ்யூகோவின் காலைப் பாடல் ஒன்றின் மொழிபெயர்ப்பு. அது ஆருவுடையது. தங்கையின் மேதைமைக்கு முதற்சான்றாக இன்றும் நினைக்கப்படும் அவ்வாசிப்பு அனுபவம் தமக்கையின் வரிகளால் விளைந்தது.

இதனைச் சிறு கவனக்குறைவு என்று ஒதுக்குதல் பொருந்தாது. தோருவின் கணக்கில் ஒரு கவிதை குறைந்தால் இழப்பு பெரிதன்று. அவருக்குக் கதைப்பாடல்களும் பிரெஞ்சு நாவலும் கடிதங்களும் உண்டு. கவிஞர் என்ற முறையில் ஆருவுக்கு எஞ்சியவை அந்த எட்டே. ஒன்று கைமாறினால் எட்டில் ஒரு பங்கு போய்விடும். தங்கை எழுதவிருந்த நாவலுக்குத் தமக்கை ஓவியம் வரைவதென்று இருவரும் திட்டமிட்டிருந்ததையும் காஸ் அறிந்திருந்தார். அறிந்தும் அவரது முன்னுரையில் தனிமேதையின் கதையே மேலோங்கியது.

இதற்கு மறுதலையாக, நூல் முழுவதையும் குடும்பத்தின் கூட்டாக்கம் என்று அறிவிப்பதும் தீர்வாகாது. அது குடும்பத் தொகுப்பின் பெயரின்மைக்கே ஆருவை மீண்டும் தள்ளும். மொழிபெயர்ப்பைக் கவிஞரின் பயிற்சிக்களமாக மட்டும் கருதும் போக்கும் இக்குழப்பத்திற்குத் துணை செய்கிறது. பயிற்சி எனில் யார் எதைச் செய்தார் என்பது முதன்மை பெறாது. தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாக வைத்து, அதனையும் யாத்தல் என்றே குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது. யாத்தவர் உண்டெனில் அவரது பெயரும் தேவை.

ஆருவின் மறைவுக்குப்பின் தோரு தந்தையுடன் சேர்ந்து சமஸ்கிருதம் கற்றார். பிந்தைய கதைப்பாடல்கள் அக்கல்வியின் விளைவு. முற்றுப்பெறாத ‘பியாங்கா’ என்னும் ஆங்கில நாவல் ஒரு தமக்கையின் இறுதிச் சடங்கோடு தொடங்குகிறது. சவுக்கு மரக் கவிதையிலும் மரம் அதன் அழகுக்காக மட்டும் போற்றப்படவில்லை. அதன்கீழ் உடன் விளையாடியோரின் நினைவே அதற்கு மதிப்பைத் தருகிறது. வகுப்பறை விளக்கங்கள் இதனைப் பொதுவான இளமை நினைவாகக் கடந்து விடுகின்றன. உடன் விளையாடியோருள் ஒருவர் உடன் மொழிபெயர்த்தவரும் ஆவார் என்பது தெரிந்தால் கவிதையின் துயரம் கூர்மை பெறும்.

ஆருவின் எட்டுக் கவிதைகளைத் தோருவின் நடையிலிருந்து பிரித்துக் காணும் ஒப்பாய்வு, சொல்தேர்வு, யாப்பு, மூலத்திலிருந்து விலகும் இடங்கள் ஆகியவற்றை வரிவரியாக நோக்க வேண்டும். அதனை ஹ்யூகோவிலிருந்து தொடங்குவது பொருத்தம். இருவரும் அவரை மொழிபெயர்த்துள்ளனர்.