பாக்யோங்: சுவர் நிற்கிறது, விமானம் நின்றுபோச்சு

சிக்கிமின் பாக்யோங் விமான நிலையத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் முக்கால்வாசி அதன் கட்டுமானத்தைத்தான் புகழ்கின்றன. புகழட்டும், தப்பில்லை. சுமார் 4,500 அடி உயரத்தில் மலையை வெட்டி, ஏறக்குறைய 80 மீட்டருக்குத் தாங்குசுவர் எழுப்பி, 1.7 கிலோமீட்டர் ஓடுபாதை போட்டது சாதாரண வேலை இல்லை. ஆனா விமான நிலையத்தைச் சுவரின் உயரத்தை வைத்தா அளப்பது? விமானம் இறங்கிய நாட்களை வைத்து அளக்க வேண்டாமா?

2018 செப்டம்பரில் திறப்பு விழா, அக்டோபரில் முதல் பயணிகள் சேவை. 2019 ஜூனில் நின்றது. 2021 ஜனவரியில் மறுபடி ஆரம்பம். 2022 முடிவதற்குள் மறுபடி நிறுத்தம். காரணம் ரகசியமே இல்லை. பைலட் ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்கணும். மேகம் மூடுகிற மலையில் அது எத்தனை நாள் நடக்கும்?

மழைக்காலத்தில் நிலச்சரிவால் சிலிகுரி சாலை அடைபடும்போதுதான் காங்டாக் மக்களுக்கு விமானம் ரொம்ப அவசியம். அதே மழைமேகம்தான் விமானத்தையும் தடுக்கிறது. சாலைக்கு மாற்று என்று கட்டியது, சாலை போகிற நாளிலேயே தானும் போய்விடுகிறது. மென்பொருள் வேலையில் இதை யாரும் 'பேக்கப்' என்று ஒத்துக்கொள்ள மாட்டாங்க.