அடுக்களையில் எழுந்த அறுவடை ஆட்டம்

அயர்லாந்து நாடகாசிரியர் பிரையன் ஃபிரீலின் ‘லூனசாவில் நடனம்’ 1990ஆம் ஆண்டு டப்ளின் அபே அரங்கில் முதன்முதல் மேடையேறிற்று. கிறித்துவத்துக்கு முற்பட்ட லூ என்னும் தெய்வத்தின் பெயரால் ஆகஸ்டுத் தொடக்கத்தில் எடுக்கப்பெறும் அறுவடை விழாவே லூனசா. கதை நிகழ்வது 1936இல், டோனகால் வட்டாரத்துக் கற்பனைச் சிற்றூர் ஒன்றில்.

வியப்பு யாதெனில், விழா மேடைக்கு வருவதேயில்லை. மலைப்புறத்து நெருப்பும் ஊர் நடனமும் செவிவழிச் செய்திகளாகவே நின்றுவிடுகின்றன. மணமாகாத சகோதரியர் ஐவர் நடனத்துக்குச் செல்ல விழைகின்றனர். மூத்தவளும் பள்ளி ஆசிரியையுமான கேட் முதலில் இளகி, பின்னர்த் தடுத்துவிடுகிறாள். அடுக்களை வானொலியில் இசை எழுகிறது. ரொட்டிக்கு மாவு பிசைந்த கையை முகத்தில் பூசிக்கொண்டு மாகி ஆடத் தொடங்க, தங்கையர் சேர்ந்துகொள்கின்றனர். இறுதியில் கேட்டும் ஆடுகிறாள், ஆனால், தனித்து.

அவளைக் கல்நெஞ்சினள் என்று ஒதுக்குவோர் உளர். (ஆசிரியத் தொழிலில் இருப்போர் அத்துணை எளிதில் ஒதுக்கார்.) அவள் அஞ்சியது பழைய தெய்வத்தை அன்று, ஊர்வாயை. அவளுடைய ஊதியமே குடும்பத்தைத் தாங்குகிறது. உகாண்டாவிலிருந்து திரும்பிய பாதிரியாரான அண்ணன் அந்நாட்டுச் சடங்குகளைப் புகழ்ந்து பேசுகிறார். மாணவர் தொகை குறைகிறதென்று காரணங்காட்டி, பங்குத் தந்தை கேட்டின் வேலையைப் பறிக்கிறார். காரணம் அதுவன்று என்பதை அவள் அறிவாள்.