ஜோவுக்கு ஏன் தெரியக்கூடாது?

இந்தி எதிர்ப்பில் சிறைசென்று 1939இல் இறந்த நடராசனுக்கும் தாளமுத்துவுக்கும் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் நினைவிடம் இருக்கிறது. ஒருவர் தலித், மற்றவர் நாடார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோன்றும்: செத்தா சேர்ந்து கிடக்கலாம், வாழச் சேர்ந்தால்தான் வெட்டு. இந்த வெட்டை நம் 'யதார்த்த' சினிமா எங்கே நின்று பார்க்கிறது?

'காதல்' (2004) முருகனைப் பைத்தியமாக்கிவிட்டு, ஐஸ்வர்யாவின் கணவனுடைய பெருந்தன்மைக்கு நம்மை அழவைத்தது. 'பரியேறும் பெருமாள்' (2018) அந்த அழுகையை உடைத்தது. பரியன் சாகவில்லை, நியாயம் கேட்கிறான். சரி, ஜோ? அப்பன் செய்தது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன ஆகும்? 2016இல் உடுமலையில் சங்கரைப் பறிகொடுத்த கௌசல்யா, பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சிக் கூண்டிலிருந்து தொடங்கும் படத்தைத்தான் நான் கேட்கிறேன்.