மலையேறாத அறிவு

மூங்கில்துறைப்பட்டில் நின்று நோக்குவோருக்கு இரு உலகங்கள் தெரியும். இங்கே தென்பெண்ணை, கரும்பைப் பிழியக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. மேற்கே கல்வராயன் மலை. கரும்பு பயிரிடுவோனுக்கு ஆலையிலே பதிவு உண்டு. கரணை தேர்வது முதல் வெட்டும் நாள் வரை கேட்டால் சொல்ல அலுவலர் உண்டு. நிலுவைக்குக் குரல் கொடுக்கச் சங்கம் உண்டு. மலையிலே மரவள்ளி நடும் மலையாளிப் பழங்குடி உழவனுக்கு யார் உண்டு? பெரும்பாலும், கிழங்கை எடைபோட வரும் தரகன்தான்!

"மலைவாசிக்கு எதைச் சொன்னாலும் ஏறாது" என்று திண்ணையிலே தீர்ப்பளிப்போர் உளர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மலையையே குற்றக்கூண்டில் ஏற்றிடத் துடித்தனர் சிலர். அந்த உயிர்களைப் பறித்த மெத்தனால் மலைமண்ணில் விளைவதன்று. அதை அவர்கள் எண்ணினாரில்லை. மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியதும் அந்தச் சாவுகளுக்குப் பின்னரே. பிணம் விழுந்த பிறகுதானா மலை நம் கண்ணில் பட வேண்டும்?

1976 வரை ஜாகிர்தாரர் ஆளுகையில் கிடந்த மலை அது. சமவெளியிலோ, சைதாப்பேட்டையில் 1868இலேயே வேளாண்மைப் பள்ளி தோன்றிவிட்டது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் அண்டையிலுள்ள புதுச்சேரியில் எழுந்தது. வாக்குறுதிகள் மலையேறிவிட்டன, அறிவு மட்டும் அடிவாரத்திலேயே இளைப்பாறுகிறது!

அறிவு மேலே சென்றால் ஏற்க ஆளில்லையா? கொல்லிமலையைக் காண்க. அங்கும் வாழ்வோர் மலையாளி மக்களே. சாமை குறைந்ததற்குச் சோம்பல் காரணமன்று. உமி நீக்க உரலோடு போராடிய பெண்களின் கைகள் ஓய்ந்தன. 1990களில் தொடங்கி அங்கே பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அரைவை இயந்திரங்களைக் கொணர்ந்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. அறிவுரை சொல்லுமுன் துன்பத்தின் வேரைக் கேட்டறிந்தனர், அதுவே கல்வி!

மற்றொன்று: 2020இல் கேரளத்தில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் தோட்டங்களையும் சூறையாடியது. "காலத்தின் கோலம்" என்று கைகூப்பியா நின்றது அறிவியல்? 1980களில் ஆப்பிரிக்க உழவரை இதே பூச்சியிடமிருந்து காத்த சிறு குளவியை, பெனின் நாட்டிலிருந்து தருவித்தனர். 2022இல், கல்வராயன் மலைக்கு அருகேயுள்ள ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டனர். பூச்சியின் உடலிலே முட்டையிட்டு அதை அழிக்கும் குளவிக்குச் சாதியில்லை, கட்டணமில்லை. கடல் கடந்து வந்த அறிவுக்குக் கடைசிக் காதம் ஏறுவதா கடினம்?

ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு: வகுப்பு முழுவதும் விளங்காது விழித்தால், பிழை பாடத்திலே இருக்கும். மண்டபத்திலே ஒருநாள் பயிற்சி, கையிலே ஒரு சான்றிதழ் என்பது பாடமன்று, சடங்கு! புரோகிதச் சடங்கை எதிர்ப்போர் அலுவலகச் சடங்கை மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?

சரிவான நிலத்திலேயே செயல்விளக்கம் வேண்டும். மலையிலே பிறந்து வேளாண்மை கற்ற இளைஞரே அங்கு வழிகாட்டியாக வேண்டும். கிழங்கின் மாவுச்சத்தை அளந்து விலைபேச உழவனுக்கே தெரிய வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பட்டா வேண்டும். உரிமையற்ற நிலத்திலே எந்தக் கல்வியும் வேர்விடாது.

இரக்கம் வேண்டாம் அவர்களுக்கு; பங்கு வேண்டும். நம் அறிவு மேலே ஏறட்டும். அவர்தம் அனுபவம் கீழே இறங்கட்டும். இரண்டும் சந்திக்கும் இடமே பகுத்தறிவின் பள்ளிக்கூடம்!