வில்லங்கச் சான்று சொல்வதும் சொல்லாததும்

தமிழ்நாட்டில் மனை பார்க்கப் போகிறவர் தரகரிடம் முதலில் கேட்பது, ‘ஈசி போட்டுப் பார்த்தாச்சா?’ என்பதுதான். ‘ஈசி கிளியரா இருக்கு சார்’ என்று பதில் வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். முன்பணம் கைமாறும், கிரய ஒப்பந்தம் எழுதப்படும். ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணம், ஈசி எனப்படும் இந்த வில்லங்கச் சான்றை நம்பி நகர்கிறது. அந்த நம்பிக்கையில் பாதிக்குத்தான் அது தகுதியானது. மீதியை நாமாகவே அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

தகுதியான பாதி சிறியதல்ல. 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீடு போன்ற சொத்துகளைப் பதிவுப் பத்திரம் மூலமாகத்தான் விற்க முடியும். 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் தான செட்டில்மென்ட், விடுதலை போன்ற பத்திரங்களையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. இவை சார் பதிவாளர் அலுவலகத்தின் 1-ம் புத்தகத்தில் ஏறுகின்றன; ஒரு சொத்தின்மேல் அதில் உள்ள பதிவுகளின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவான பத்திரம் ஒன்று இருந்தால், சொத்தை வாங்குபவருக்கு அது தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘நான் பார்க்கவில்லை’ என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்கும் பழைய மோசடிக்கு இதுவே பெரிய தடை. குமாஸ்தா அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டித் தேடித் தர வேண்டியிருந்த இந்த விவரம், 1975-க்குப் பிந்தைய காலத்துக்கு இன்று பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கிறது. சாதாரண மனிதர் கையில் இப்படியொரு கருவி இருப்பது நல்ல விஷயம்.

அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரே ஒரு பதிவு நிறையப் பேசும். ஆவண எண், எழுதிய நாள், தாக்கல் செய்த நாள், பதிவான நாள், தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், புல எண், நான்கு எல்லைகள். இவற்றில் முந்தைய ஆவண எண்தான் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டே தாய்ப்பத்திரம்வரை பின்னோக்கிப் போகலாம். 2014-ல் வங்கியில் பத்திரம் ஒப்படைத்த பதிவு இருந்து, அதற்குரிய ரசீதுப் பதிவு பின்னால் எங்குமே இல்லை என்றால், கடன் தீரவில்லை. அல்லது தீர்ந்தும் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள். எதுவானாலும் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

சிக்கல், இந்தப் புத்தகத்துக்கு வராமலே நடக்கும் காரியங்களில் இருக்கிறது. அவற்றில் முதலாவது, மரணம்.

ஓர் அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும், அந்த நொடியிலேயே சமபங்கு சேர்ந்துவிடுகிறது. இதற்குப் பத்திரம் தேவையில்லை. எனவே பதிவும் இல்லை. பத்து வருடம் கழித்து இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட்டு மனையை விற்கிறார்கள். கல்யாணமாகி வெளியூர் போன மகளின் பெயர் பத்திரத்தில் எங்குமே இல்லை. சான்றில் அப்பா வாங்கிய கிரயம் ஒன்று, மகன்கள் விற்ற கிரயம் ஒன்று. நடுவில் ஒரு கறையும் தெரியாது. மகள் பாகப்பிரிவினை வழக்குப் போடும்போதுதான் வாங்கியவருக்கு அப்படியொருவர் இருப்பதே தெரியவரும். அந்த மகள்மேல் கோபப்பட யாருக்கும் உரிமையில்லை. அவர் தன் பங்கைத்தான் கேட்கிறார். அவரை மறைத்துவைத்த விற்பனையை ‘கிளியர்’ என்று காட்டும் நடைமுறைதான் கேள்விக்குரியது.

உயிலின் கதையும் இதுவே. அதைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. செய்தாலும் அது 3-ம் புத்தகத்தில் ஏறும், சான்றில் வராது. பவர் பத்திரம் பதிவானது தெரியும். பவர் கொடுத்தவர் அதற்குப் பின் இறந்துவிட்டது தெரியாது. புல எண் உட்பிரிவாகி மாறியிருந்தாலோ, அந்தக் கிராமம் ஒரு காலத்தில் வேறு சார் பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தாலோ, இன்றைய எண்ணைப் போட்டு இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடினால் பழைய பதிவுகள் கண்ணில் படாமலே போகலாம். தேடியது தவறு, வந்த சான்று சுத்தம்.

இவ்வளவு ஓட்டைகள் ஏன் என்றால், இந்தியாவில் பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்து ‘ஆம், என் கையெழுத்துதான்’ என்று ஒப்புக்கொண்டு, தீர்வையும் கட்டணமும் சரியாக இருந்தால், சார் பதிவாளரின் அடிப்படைக் கடமை முடிந்தது. விற்க வந்தவருக்கு அந்தச் சொத்து சொந்தமா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55ஏ விதியின் முக்கியப் பகுதியை, இதே காரணத்துக்காக 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மோசடிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என 2022-ல் நடைமுறைக்கு வந்த 77ஏ பிரிவையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்றது. சொத்து யாருக்கு என்பதை ஓர் அதிகாரியிடம் விடக் கூடாது என்ற நீதிமன்றங்களின் கவலை நியாயமானது. ஆனால் அந்த நியாயத்தின் செலவை, ஒவ்வொரு முறையும் வாங்குபவரே சுமக்கிறார். 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நாற்பது லட்ச ரூபாய் மனைக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் வாங்கிக்கொள்ளும் அரசு, அந்த மனை விற்றவருடையதுதான் என்று ஒரு வரிகூட உறுதி தருவதில்லை.

அரசே உரிமைக்கு உத்தரவாதம் தரும் டாரன்ஸ் முறை 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த வழியைப் பின்பற்றுகின்றன. இந்தியாவில் அதை நோக்கி எடுத்துவைத்த அடி எளிதாக விழவில்லை. ஆந்திரம் 2022-ல் இயற்றிய நில உரிமைச் சட்டம், அதிகாரிகள் கையில் நிலம் சிக்கிவிடும் என்ற அச்சத்தால் தேர்தல் பிரச்சினையாகவே வெடித்தது. 2024-ல் ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டது. அடிப்படை நில ஆவணங்களே பிழையோடு இருக்கும்போது, அந்தப் பிழைக்கு உத்தரவாத முத்திரை குத்தினால் ஏழை விவசாயிதான் முதலில் அடிபடுவார். அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது.

ஆனால் அரசின் உத்தரவாதம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரு சொத்தின்மேல் வழக்கு நடக்கும்போது அதை வாங்குபவர், அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு. வழக்கு இருப்பதே தெரியாமல் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். மகாராஷ்டிரத்தில் இந்தப் பிரிவுக்கு ஒரு திருத்தம் உண்டு. வழக்குத் தொடுத்தவர் அது பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்தால்தான் இந்தக் கட்டு வாங்குபவரைப் பிடிக்கும். 1939-ல் பம்பாய் மாகாணம் கொண்டுவந்த திருத்தம் அது. தமிழ்நாட்டிலும் அதைக் கொண்டுவந்தால், தன் பங்குக்காக வழக்குப் போட்ட மகளின் பெயர், அவருடைய சகோதரர்கள் விற்க முயலும்போதே சான்றில் ஒரு வரியாக வந்து நிற்கும்.