வேஷம் யாருக்கு? நையாண்டியும் செய்தியும்

செய்தி உண்மையைச் சொல்லும், நையாண்டி மிகைப்படுத்தும். ஆகவே முன்னதை நம்பலாம், பின்னதைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம் என்கிற பிரிவினை நம் பொதுப்புத்தியில் ஊறிக்கிடக்கிறது. இது யாருக்குச் சாதகமாக வேலை செய்கிறது என்று கேட்டுப்பார்க்க வேண்டியிருக்கிறது.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து நாடக மேடைகளில் 'வள்ளி திருமணம்' நடக்கும்போது பபூன் வந்து உள்ளூர்ப் பெரிய மனிதர் தொடங்கி மந்திரி வரை கிழிகிழியென்று கிழிப்பார். அவர் சொன்னது அப்படியே நடந்தது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதற்காக அதில் உண்மை இல்லை என்று யாரும் எழுந்துபோய்விடுவதும் இல்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்பதை முகத்தில் அப்பிய பவுடரே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. தான் நையாண்டி என்பதை மறைக்காததுதான் நையாண்டியின் நேர்மை.

இந்த நேர்மைக்குத்தான் தண்டனை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வை ஜேப்படிக்காரனாகவும் மந்திரியை முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் காட்டிய ஒரு ஜோக் வந்தது. பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார். எதிர்ப்பு கிளம்பி, இரண்டு நாளில் விடுதலை. பிறகு வழக்குப் போட்டு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கினார் அவர். 2025 பிப்ரவரியில், அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய பின்னணியில், ட்ரம்ப் அருகில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கும் கார்ட்டூனை விகடன் பிளஸ் வெளியிட்டது. விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் உயர்நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னபோதும், கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு படங்களாலும் யாராவது ஏமாந்துபோனார்களா? பிரதமர் நிஜமாகவே விலங்கிடப்பட்டார் என்று ஒரு வாசகராவது நம்பியிருப்பாரா?

ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. தினமலரின் 'டீக்கடை பெஞ்ச்' பகுதியை எடுத்துக்கொள்வோம். குப்பண்ணாவும் அன்வர்பாயும் அந்தோணிசாமியும் பேசிக்கொள்வதாக ஒரு புனைவு. அதன் வழியே பெயர் சொல்லாத அதிகாரி, கட்சிக்காரர் பற்றிய சங்கதிகள். நிருபர் பெயர் கிடையாது, ஆதாரம் கிடையாது. கேட்டால் 'டீக்கடைப் பேச்சுதானே'. காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டு டீக்கடையில் இதை உரக்கப் படிக்கக் கேட்டிருக்கிறேன். ஷிப்டு முடிந்து வந்த 'பெல்' தொழிலாளி ஒருவர், "பேப்பர்லயே போட்டுட்டானேப்பா" என்கிறார். டீக்கடையில் நடந்ததாகப் புனையப்பட்ட பேச்சு, அச்சின் அதிகாரத்தை ஏற்றிக்கொண்டு நிஜ டீக்கடைக்கு வந்து உண்மையாகிவிடுகிறது. நையாண்டியின் சலுகையும் வேண்டும், செய்தியின் மரியாதையும் வேண்டும் என்கிற சொல்லாடல் இது.

இதன் உச்சத்தை 2023 ஆகஸ்ட் 31 அன்று அதே நாளிதழின் சேலம், ஈரோடு பதிப்பில் பார்த்தோம். அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுவதால் பள்ளிக் கக்கூஸ் நிரம்பி வழிகிறது என்று தலைப்பு. முதலமைச்சர் கண்டித்தார். அந்தத் தலைப்பின் மொழியைக் கவனியுங்கள்: 'டபுள் சாப்பாடு', 'கக்கூஸ்'. இது நிருபரின் மொழி அல்ல. ஜோக் எழுதுகிறவனின் மொழி. ஆனால் உட்கார்ந்திருப்பது செய்தியின் நாற்காலியில். ஏழைப் பிள்ளை வயிறாரச் சாப்பிடுவதைக் கண்டு முகம் சுளிக்கும் சாதிப் புத்திக்கு அது செய்தி என்கிற தகுதியைக் கொடுத்தது.

பகடி செய்தாலே புனிதம் என்று நான் வாதாடவில்லை. டிவி சேனலின் லோகோ போட்ட நியூஸ் கார்டு மாதிரியே செய்து, ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாக வாட்ஸப்பில் விடுகிறார்கள். செய்தவன் சிரிப்புக்காகச் செய்திருக்கலாம். நாலு குரூப் தாண்டுவதற்குள் சிரிப்பு உதிர்ந்து லோகோ மட்டும் மிஞ்சுகிறது. பவுடரைத் துடைத்துவிட்டு மேடைக்கு வருகிறவன் பபூன் இல்லை.

ஆகவே ஒரு பிரதி சிரிக்க வைக்கிறதா, தகவல் தருகிறதா என்பது இரண்டாம் கேள்வி. தன் வேஷத்தை ஒப்புக்கொள்கிறதா, சொன்னதற்குப் பொறுப்பேற்க ஆள் இருக்கிறதா, யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பவை முதல் கேள்விகள். விகடனின் இரண்டு படங்களும் அதிகாரத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லின. அவர்களிடம் சிறையும் இருந்தது, தடையும் இருந்தது. தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னது ஒரு செய்தித் தலைப்பு. மறுப்பு எழுத அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பத்திரிகையிலும் ஒரு பத்தி கிடையாது. அதை நாம்தான் எழுதியாக வேண்டும்.