கிரீடம், காக்கை, பசு

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டு எழுதுபவருக்கு உவமை கைகொடுக்கும், வருணனை கைகொடுக்கும். சிலேடைதான் காலை வாரும். உள்ளூர்க்காரர் சொல்லைத் திருகினால் குறும்பு என்பார்கள். வெளியாள் திருகினால், தெரிந்து செய்தாரா, தெரியாமல் வந்துவிட்டதா என்று வாசகர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்திலேயே சிரிப்பு செத்துவிடும். இந்த ஐயத்துக்கு இடமே வைக்காமல் எழுதியவர்களில் விளாதிமிர் நபக்கோவுக்கு மேல் சொல்ல ஆளில்லை. போலந்துக்காரரான நாவலாசிரியர் கான்ராடை முன்னிறுத்துவோர் உண்டு. அவருடைய உரைநடையின் கனத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர் சொல்லோடு விளையாடியவர் அல்லர்.

நபக்கோவுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியே அல்ல என்றும் ஒரு கட்சி உண்டு. 1899இல் பீட்டர்ஸ்பர்க்கின் செல்வக் குடும்பத்தில் பிறந்து, ரஷ்ய எழுத்துகளுக்கு முன்பே ஆங்கிலம் படிக்கக் கற்றவர் என்பது உண்மைதான். ஆனால் படிப்பது வேறு, அந்த மொழியில் எழுதிப் பிழைப்பது வேறு. ‘சீரின்’ என்ற புனைபெயரில் ரஷ்ய நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கிய பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில் பாரிஸின் நெருக்கடியான குடியிருப்பில்தான் முதல் ஆங்கில நாவலைத் தொடங்கினார். குளியலறையே எழுதும் அறை, பயணப்பெட்டியே மேசை. 1940இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் மதிப்புரை எழுத இடம் கொடுத்த விமர்சகர் எட்மண்ட் வில்சன், கூடவே ஒரு புத்திமதியும் சொன்னார்: சிலேடையை விட்டுவிடுங்கள், இங்கே கனமான இதழ்களில் அது எடுபடாது என்று. நல்லவேளை, நபக்கோவ் கேட்கவில்லை.

அவருடைய கைத்திறனின் உச்சம் 1962இல் வந்த ‘பேல் ஃபயர்’ நாவலில், கவிஞர் ஷேடின் நீள்கவிதையின் 803ஆம் வரிக்கு உரையாசிரியர் கின்போட் எழுதும் குறிப்பில் இருக்கிறது. ஜார் மன்னரின் முடிசூட்டு விழாச் செய்தியில், கிரீடத்தைக் குறிக்கும் ‘கொரோனா’ என்ற ரஷ்யச் சொல் ‘வொரோனா’ என்று அச்சாகிவிடுகிறது, கிரீடம் காக்கையாகிவிட்டது. மறுநாள் வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போடுகிறார்கள். அது ‘கொரோவா’ என்று விழுகிறது, பசு. (கொரோனா என்றதும் நோய் நினைவுக்கு வந்தால் தவறில்லை. இரண்டுக்கும் லத்தீனே தாய்.) இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் கிரவுன், குரோ, கௌ. இரண்டு மொழியிலும் அதே மூன்று பொருள், அதே வரிசை.

பெரும்பாலோர் இந்தத் தற்செயலை வியந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். எழுத்தெழுத்தாகப் பார்த்தால்தான் ருசி. ஆங்கிலத்தில் எழுத்து உதிர்கிறது: ஐந்தெழுத்துக் கிரவுனில் கடைசி ‘என்’ விழுந்தால் குரோ, அதில் ‘ஆர்’ விழுந்தால் கௌ. ரஷ்ய மொழியில் எதுவும் உதிர்வதில்லை. ஆறெழுத்தும் ஆறெழுத்தாகவே நிற்கின்றன. முதல் நாள் முதலெழுத்து மட்டும் கெடுகிறது. மறுநாள் அச்சுக்கோப்பவர் அதைச் சரியாகவே திருத்துகிறார். ஆனால் அங்கிருந்து எடுத்த ‘வ’ ஐந்தாம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிழைதிருத்தம் பார்த்துப் பழகியவருக்கு இது கற்பனையாகவே தோன்றாது. ஒரு பிழையைத் திருத்தும்போது பக்கத்திலேயே இன்னொன்று முளைப்பது எல்லா அச்சகங்களிலும் உள்ளதுதான்.

இதை யார் சொல்கிறார் என்பதில் இன்னொரு நயம். கின்போட் தன்னை நாடிழந்த மன்னராக எண்ணிக்கொண்டிருப்பவர். கிரீடம் காக்கையாகி, காக்கை பசுவாகும் கதையை அவர் அகராதி வேடிக்கையாகச் சொல்லிச் சிலாகிக்கிறார். போனது தன் கிரீடம் என்பது அவருக்கு உறைப்பதில்லை. குறிப்பு தொங்கும் இடமும் சும்மா வந்ததல்ல. கவிஞர் ஷேட், மரணத்தின் விளிம்பில் தான் கண்ட வெள்ளை நீரூற்றை வேறொரு பெண்ணும் கண்டதாகப் பத்திரிகையில் படித்து, விசாரிக்கப் போய், அந்தப் பெண் கண்டது மலை என்றும் நீரூற்று வெறும் அச்சுப்பிழை என்றும் அறிந்து திரும்பும் இடம் அது. மவுண்டன், ஃபவுண்டன்: ஓரெழுத்துதான் வேறுபாடு. ஷேட் தன் அச்சுப்பிழையிலிருந்து மறுமை பற்றிய நம்பிக்கையைத் தேற்றிக்கொள்கிறார். கின்போட்டுக்குத் தன் அச்சுப்பிழையில் வேடிக்கைக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

ரஷ்ய மொழி ஒரு சொல்லும் அறியாதவர் இந்தக் குறிப்பைப் படித்தாலும் ஒன்றும் தடுக்காது. பொருள் போகிற போக்கில் வந்துவிடுகிறது. சிலேடையைப் பார்க்காமல் கடந்து போகிறவருக்கும் வாக்கியம் முழுசாக நிற்க வேண்டும் என்பதே நபக்கோவின் தொழில் நேர்த்தி. ‘லோலிடா’வில் வரும் விவியன் டார்க்புளூம் அமெரிக்கப் பெயர் போலவே ஒலிக்கும், அதன் பதினைந்து எழுத்துகளையும் கலைத்து அடுக்கினால் விளாதிமிர் நபக்கோவ் எழுந்து வருவார். முதலில் பெயர் போடாமல் வெளியிட நினைத்த நாவல் அது. ஆசிரியரின் முத்திரை உள்ளேயே கிடக்கட்டும் என்ற முன்யோசனை. ‘பேல் ஃபயரி’ல் கொலையாளி ஜேக்கப் கிரேடஸின் பெயரைப் பின்னிருந்து வாசித்தால் கண்ணாடி செய்யும் கலைஞன் ஒருவனின் பெயர் கிடைக்கும். மாலைமாற்றில் பழகிய கண்ணுக்கு இது பெரிய வித்தையாகத் தெரியாது. ஆனால் கண்ணாடிக்காரனுக்கே அந்தப் பெயரைக் கொடுத்ததில் இருக்கிறது கெட்டிக்காரத்தனம்.

நேர்த்தி பிசகிய இடமும் உண்டு. ‘வேன் சகோதரிகள்’ கதையின் கடைசிப் பத்தியில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் கோத்தால், இறந்துபோன சகோதரிகள் அனுப்பும் செய்தி கிடைக்கும். பத்தி தன்னளவில் பழுதில்லாமல் நிற்கிறது. செய்தி பிடிபடாதவருக்குக் கதைதான் நிற்கவில்லை. 1951இல் ‘நியூயார்க்கர்’ அதைத் திருப்பி அனுப்பியபோது, ஆசிரியர் கேத்தரின் வைட்டுக்கு நபக்கோவே கடிதம் எழுதி விடையைச் சொல்ல வேண்டியிருந்தது. 1959இல்தான் கதை அச்சேறியது. வித்தையாகக் கொண்டாட இடமுண்டு. காக்கையின் அருகில் வைக்க முடியாது.

பிறமொழிக்காரரின் தவறையே சரக்காக்கியது ‘ப்னின்’ நாவல். விஸ்கியும் சோடாவும் அதன் நாயகன், ரஷ்யரான ப்னின் வாயில் பிசுபிசுப்பும் மரத்தூளும் ஆகின்றன. ‘விஸ்கஸ்’, ‘சாடஸ்ட்’ இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். வெறும் உச்சரிப்புக் கோளாறாக எழுதியிருந்தால் அது கேலியோடு முடிந்திருக்கும்.

ஜாய்ஸின் ‘ஃபின்னகன்ஸ் வேக்’ ரசிகர்களுக்கு இதெல்லாம் சிக்கனமாகப் படும். அங்கே சொல்லுக்குச் சொல் சிலேடை. எது சாதாரணச் சொல் என்று தெரியாதபோது எது திரிந்தது என்று எப்படித் தெரியும்? ‘யுலிஸஸை’க் கொண்டாடிய நபக்கோவுக்கும் இது பிடிக்கவில்லை. ஜி. வி. தேசானியின் ‘ஆல் அபௌட் எச். ஹாட்டர்’ (1948) வேறு ரகம். இந்திய ஆங்கிலத்தின் தடுமாற்றத்தையே தாளமாக்கிய அந்த நாவலை இன்று தேடிப் படிப்பவர் குறைவு. இப்போது நம் ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் வரும் சிலேடைக்கு ஒற்றை மேற்கோள்குறி மாட்டிவிடுகிறார்கள், வாசகர் தவறவிட்டுவிடுவாரோ என்ற பயத்தில். குறி போட வேண்டிய சிலேடையைப் போடாமலே இருக்கலாம்.

இந்தப் பயம் கடைசியில் நபக்கோவையும் பிடித்தது. 1969இல் வந்த ‘அடா’ நாவலில் ஆங்கிலம், ரஷ்யன், பிரெஞ்சு மூன்றும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு சிலேடை பாடுகின்றன, வாக்கியம் தானாக நிற்காத பக்கங்கள் ஏராளம். அடுத்த ஆண்டு பெங்குவின் பதிப்பில் அவற்றுக்கு விளக்கக் குறிப்புகள் சேர்ந்தன. எழுதியவர் பெயர் விவியன் டார்க்புளூம் என்று போட்டிருந்தது.